தொழில் வாயு ஆலைகள்: வாசகர் கேள்விகளுக்குத் துறையினர் பதில்கள்

மும்பை, நவி மும்பை, தானே வட்டார வாசகர்களிடமிருந்து ஆக்சிஜன், நைட்ரஜன் ஆலைகள் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. யூனிட் போட நினைப்பவர், ஷிஃப்டில் நிற்கும் ஆபரேட்டர், பைப் லைன் போடும் ஃபிட்டர், மகளை இந்தத் துறைக்கு அனுப்பும் தாய் என்று கேட்டவர்கள் பலதரம். இத்தகைய ஆலைகளை வடிவமைத்து நிறுவிக் கொடுக்கும் பொறியியல் நிறுவனங்களில் பணியாற்றுபவர்கள் பதில் தந்திருக்கிறார்கள்.

தலோஜா எம்ஐடிசி தொழிற்பேட்டையில் இடம் இருக்கிறது. கட்டிங், வெல்டிங் பட்டறைகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பி விற்க எண்ணம். மணிக்கு 100 கன மீட்டர் பிளாண்ட்டுக்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கின்றன. பிஎஸ்ஏ (அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் காற்றைப் பிரிப்பது) விலை குறைவு, கிரையோஜெனிக் (கடுங்குளிரில் பிரிப்பது) விலை அதிகம். எதை எடுப்பது?
(வாசகர், தலோஜா)

பட்டறைகளுக்கு என்றால் பிஎஸ்ஏ வேண்டாம். அந்த முறையில் காற்றிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் உருண்டைகள் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். ஆனால் ஆர்கானும் ஆக்சிஜனோடு சேர்ந்தே வந்துவிடும். காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதம், ஆர்கான் 0.93 சதவீதம். நைட்ரஜனை முழுக்க நீக்கினாலும் மிஞ்சுவதில் ஆக்சிஜன் 95.7 சதவீதத்தைத் தாண்டாது. நடைமுறையில் கிடைப்பது 93, கூடக்குறைய 3. மருத்துவமனைக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் மீன் பண்ணைக்கும் அது போதும். இரும்பு வெட்ட 99.5 வேண்டும். தூய்மை ஒரு சதவீதம் இறங்கினாலே வெட்டும் வேகம் நன்றாகக் குறையும், அடியில் கசடு ஒட்டும். 95க்குக் கீழே போனால் இரும்பு எரிந்து பிளப்பதற்குப் பதிலாக உருகி வழியத் தொடங்கும். ஒரு முறை அப்படி வெட்டிப் பார்த்த பட்டறைக்காரர் மறுமுறை உங்களிடம் சிலிண்டர் எடுக்க மாட்டார்.

கிரையோஜெனிக் முறையில் காற்றைத் திரவமாக்கிக் கொதிநிலை வேறுபாட்டால் பிரிக்கிறோம். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, ஆர்கான் மைனஸ் 186, ஆக்சிஜன் மைனஸ் 183. ஆர்கானும் ஆக்சிஜனும் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பாருங்கள். அதனால்தான் காலம் (column) எனும் பிரிப்புக் கோபுரம் உயரமாகவும் தட்டுகள் அதிகமாகவும் தேவைப்படுகின்றன. விலை கூடுவதும் அதனால்தான்.

ஆனால் கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 7 கன மீட்டர் கொள்ளும் சிலிண்டர் என்றால் மணிக்கு 14, நாளைக்கு 340 சிலிண்டர். இந்தப் பிளாண்ட் 24 மணி நேரமும் ஓட வேண்டியது. நிறுத்தி எடுத்தால் மறுபடி குளிர்ந்து தூய்மை வரப் பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் கம்ப்ரசர் கரண்ட் தின்றுகொண்டிருக்கும், சிலிண்டர் ஒன்றுகூட நிரம்பாது. ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறிய பிளாண்ட்டில் ஒரு கன மீட்டருக்கு மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு முன்பின் ஆகும். பெரிய டன்னேஜ் பிளாண்ட்டுகளில் அது பாதிக்கும் குறைவு. அந்த விலையோடுதான் நீங்கள் போட்டி போட வேண்டும்.

நாளைக்கு 120, 150 சிலிண்டர்தான் விற்கும் என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. பெரிய ஆலையிலிருந்து திரவ ஆக்சிஜனை டேங்கரில் வாங்கி, தொட்டியில் வைத்து, பம்ப்பும் திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசரும் போட்டு நிரப்புவது. ஆயிரம் லிட்டர் திரவத்தின் எடை 1,141 கிலோ. வாயுவானால் ஏறக்குறைய 840 கன மீட்டர், அதாவது 120 சிலிண்டர். தொட்டியில் ஆவியாவதையும் பம்ப்பைக் குளிர்விக்கப் போவதையும் இதில் கழித்துக்கொள்ளுங்கள். முதலீடு குறைவு, ஆள் குறைவு. புதிதாக வருபவர் இதில் தொடங்கிச் சந்தை பிடிபட்ட பிறகு சொந்தப் பிளாண்ட் போடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. எந்த வழியில் போனாலும் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும். சிலிண்டர் நிரப்பவும் வைத்திருக்கவும் 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகள், திரவத் தொட்டிக்கு அதே ஆண்டின் எஸ்எம்பிவி (அழுத்தக் கலன்) விதிகள். லேஅவுட் வரைபடத்தில் தொட்டிக்கும் வேலிக்கும் இடையே விட வேண்டிய தூரத்தை முதலில் குறியுங்கள். பல மனைகள் அந்த ஒரு அளவிலேயே பொருந்தாமல் போகின்றன.

டர்ன்கீ (முழுக்கக் கட்டி ஓட்டிக் கொடுக்கும்) கொட்டேஷன் நாற்பது பக்கம் இருக்கிறது. எதை உற்றுப் பார்ப்பது?
(வாசகர், டோம்பிவிலி)

முதலில் கன மீட்டர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெப்பநிலை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நார்மல் கன மீட்டர் என்றால் 0 டிகிரியில் அளந்தது. 27 டிகிரியில் அளந்து 100 என்று எழுதினால் அது 91 நார்மல் கன மீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு அங்கேயே காணாமல் போகிறது. இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் விலையைப் பாருங்கள்.

அடுத்து கூலிங் வாட்டர். மும்பையில் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 28 டிகிரி வரை போகும். நல்ல கூலிங் டவர் அதற்கு மேல் 4 டிகிரியில் தண்ணீர் தரும், அதாவது 32. கொட்டேஷனில் 25 அல்லது 28 டிகிரித் தண்ணீர் என்று எழுதியிருந்தால் அந்தப் பிளாண்ட் வேறு ஊருக்குக் கணக்கிட்டது. மே மாதமும் மழைக்காலமும் வந்தால் கம்ப்ரசர் ஸ்டேஜுகளுக்கு நடுவே காற்று போதுமான அளவு குளிராது, உற்பத்தி இறங்கும். விற்றவரோ உங்கள் தண்ணீர் சூடு என்பார். ஒப்பந்தப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

மின்சார உத்தரவாதத்தில் எந்த இடத்தில் அளப்பது என்று கேளுங்கள். கம்ப்ரசர் ஷாஃப்ட்டில் ஒரு எண், மோட்டார் டெர்மினலில் ஒரு எண், உங்கள் மீட்டரில் இன்னொரு எண். சில்லர் (காற்றைக் குளிர்விக்கும் இயந்திரம்), கூலிங் டவர் பம்ப்பும் ஃபேனும், சீவ் (காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடிக்கும் உருண்டைகள்) ஹீட்டர், திரவ பம்ப் எல்லாம் சேர்ந்த மொத்த எண்ணை எழுதி வாங்குங்கள். ஹீட்டரைச் சேர்க்காமல் விடுவது வழக்கமாக நடக்கிறது.

'பை கிளையண்ட்' (வாங்குபவர் பொறுப்பு) என்ற பத்தியில்தான் பட்ஜெட் ஓட்டையாகும். ஃபவுண்டேஷன், கேபிள், எர்த்திங், சைட்டில் கிரேன், முதல் நிரப்பலுக்கான எண்ணெய், குளிர் காக்கும் பெர்லைட் பொடி, கமிஷனிங் (முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும்) காலத்து மின்சாரம், வெளியூர் ஆட்களுக்குத் தங்குமிடம் என்று எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே ரூபாய் போட்டுக் கூட்டுங்கள்.

கடைசித் தவணையில் பத்து சதவீதமாவது பெர்ஃபாமன்ஸ் டெஸ்ட்டுக்கு நிறுத்தி வையுங்கள். 72 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். அளவு, தூய்மை, மின்சாரம் மூன்றும் ஒரே ஓட்டத்தில் தேற வேண்டும். ஒருநாள் அளவு, இன்னொரு நாள் தூய்மை என்று காட்டினால் அது தேர்ச்சி அல்ல. பிரிப்புக் கோபுரத்திலிருந்து அதிகம் இழுத்தால் அளவு ஏறும், தூய்மை இறங்கும். இரண்டையும் தனித்தனியே காட்டுவது எந்தப் பிளாண்ட்டுக்கும் எளிது.

ஒப்படைக்கும் நாளில் வாங்க வேண்டிய காகிதங்களில் மெட்டீரியல் டெஸ்ட் சர்டிஃபிகேட், ரேடியோகிராஃபி ஃபிலிம், ஹைட்ரோ டெஸ்ட் அறிக்கை, பெசோ ஒப்புதல் வரைபடம், கட்டியபடியே திருத்திய பி அண்ட் ஐடி (குழாய், கருவி வரைபடம்) ஆகியவற்றை எல்லோரும் கேட்கிறார்கள். பிஎல்சி (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) புரோகிராமின் பேக்கப்பையும் பாஸ்வேர்டையும் கேட்பவர்கள் குறைவு. மூன்று வருடம் கழித்து ஒரு வால்வு டைமரை மாற்ற வேண்டுமென்றாலும் விற்றவரையே கூப்பிட வேண்டிய நிலை வரும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

எங்கள் ஆக்சிஜன் பிளாண்ட்டில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை மெயின் எக்ஸ்சேஞ்சர் (உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கருவி) சோக் ஆகிறது. டிஃபிராஸ்ட் செய்தால் (சூடாக்கி உறைந்ததை நீக்கினால்) சரியாகி மறுபடி அடைக்கிறது. முன்பு ஆறேழு மாதம் நிற்காமல் ஓடியது. சீவ் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
(ஆபரேட்டர், அம்பர்நாத்)

சீவ் மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் புது 13எக்ஸ் (சீவ் உருண்டையின் வகை) போட்டால் அதுவும் சில மாதத்தில் இதே கதிக்கு வரும்.

அடைப்பது இரண்டே பொருள்தான்: தண்ணீர் அல்லது கார்பன் டை ஆக்சைடு. எக்ஸ்சேஞ்சரின் சூடான முனைக்குப் பக்கத்தில் அடைத்தால் தண்ணீர். உள்ளே மைனஸ் 130 டிகிரியைச் சுற்றிய இடத்தில் அடைத்தால் கார்பன் டை ஆக்சைடு. உங்களிடம் இரண்டு முனையில் மட்டும் பிரஷர் கேஜ் இருந்தால் எங்கே அடைத்தது என்று அது சொல்லாது. ஆனால் அடைக்கும் வேகம் சொல்லும். சில மணி நேரத்தில் அடைத்தால் திரவத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அடைத்தால் சீவின் ஒவ்வொரு சைக்கிளின் கடைசிச் சில நிமிடங்களிலும் கார்பன் டை ஆக்சைடு நழுவுகிறது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

13எக்ஸுக்குக் கார்பன் டை ஆக்சைடைவிடத் தண்ணீர்தான் பிரியம். தண்ணீர் வந்தால் ஏற்கெனவே பிடித்துவைத்த கார்பன் டை ஆக்சைடைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்காரும். ஆகவே எக்ஸ்சேஞ்சரில் கார்பன் டை ஆக்சைடு அடைத்தாலும் மூலகாரணம் பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும்.

முதலில் சீவுக்கு முன்னால் இருக்கும் மாய்ஸ்ச்சர் செப்பரேட்டரின் ஆட்டோ டிரெயினைப் பாருங்கள். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து மிதவை சிக்கியிருக்கும். கை வால்வைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு வாளியில் பிடியுங்கள். வாளி நிறைந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. மழைக்காலத்தில் ஷிஃப்டுக்கு இரண்டு முறை கையால் திறப்பதை வழக்கமாக்குங்கள்.

பிறகு சில்லர். சீவுக்குள் போகும் காற்று 12 டிகிரியில் இருந்தால் ஒரு கன மீட்டரில் 10.7 கிராம் தண்ணீர்தான் ஆவியாக இருக்க முடியும். 20 டிகிரியானால் 17.3 கிராம். எட்டே டிகிரி ஏறியதில் சுமை அறுபது சதவீதம் கூடிவிட்டது. லாக் ஷீட்டில் ஆறேழு மாதத்துக்கு முந்தைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில்லரில் கேஸ் குறைந்திருக்கலாம், கண்டன்சரில் உப்புப் படிந்திருக்கலாம்.

மூன்றாவது, ரீஜெனரேஷன், அதாவது நிறைந்த சீவ் பாத்திரத்தைச் சூடாக்கிக் காய வைப்பது. ஹீட்டர் அவுட்லெட் 180 டிகிரி காட்டுவதால் மட்டும் சீவ் படுகை காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேஸ்ட் நைட்ரஜன் வெளியேறும் பக்கத்து வெப்பநிலையைக் கவனியுங்கள். சூடேற்றும்போது அது கொஞ்ச நேரம் தாழ்ந்தே இருக்கும், ஏனென்றால் தண்ணீரை விரட்டவே வெப்பம் செலவாகும். பிறகு குளிர்விக்கும் கட்டம் தொடங்கிய பின் ஒரு உச்சம் வந்து போக வேண்டும். அந்த உச்சம் கமிஷனிங் காலத்தில் எத்தனை டிகிரி, இப்போது எத்தனை? உச்சமே வராமல் கோடு தட்டையாகப் போனால் வெப்பம் படுகையின் மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. ஹீட்டரில் ஒரு எலிமென்ட் போயிருக்கலாம். நைட்ரஜன் அளவு குறைந்திருக்கலாம். அல்லது சேஞ்ச்ஓவர் வால்வு ஒன்று முழுக்க மூடாமல் ஈரக்காற்றைக் கசியவிடலாம். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க, ரீஜெனரேஷனில் இருக்கும் பாத்திரத்தின் பிரஷர் பூஜ்யத்துக்கு அருகில் நிற்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, பிரஷர் ஏற்றும் வேகம். ரீஜெனரேஷன் முடிந்த பாத்திரத்தை அவசரமாக நிரப்பினால் உருண்டைகள் துள்ளி ஒன்றோடொன்று உரசிப் பொடியாகும். படுகை ஒரு பக்கம் சரியும், சரிந்த பக்கம் வழியே காற்று குறுக்கு வழியில் ஓடும். பத்துப் பதினைந்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். சீவுக்குப் பின்னால் உள்ள டஸ்ட் ஃபில்டரில் வெள்ளைப் பொடி நிறைய இருந்தால் இதுதான் காரணம். அப்போது மேல் மேன்ஹோலைத் திறந்து மட்டம் பார்க்கத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கார்பன் டை ஆக்சைடு அனலைசர் 1 பிபிஎம்முக்குள் (மில்லியனில் ஒரு பங்கு) நிற்கவில்லை என்றால் சீவை மாற்றுங்கள். எண்ணெய் கலந்து பழுப்பேறிய உருண்டைகளையும் மாற்றத்தான் வேண்டும், அவை மீளாது. அனலைசரே இல்லாத பிளாண்ட் என்றால் சீவுக்கு முன் அதை வாங்குங்கள்.

டிஃபிராஸ்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் முடிய வேண்டும் என்று சூட்டைக் கூட்ட வேண்டாம். பிரேஸ் செய்த அலுமினிய எக்ஸ்சேஞ்சர்கள் பெரும்பாலும் 65 டிகிரிக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. உலர்ந்த காற்றை விட்டு, எல்லா வென்ட்டும் டிரெயினும் நன்றாக வெதுவெதுப்பாகும்வரை ஓட்டுங்கள். லெவல் கேஜ்களுக்குப் போகும் சின்னக் குழாய்களை மறந்துவிடுவார்கள். அவற்றில் தங்கிய ஈரம் மறுபடி உறைந்து தவறான லெவல் காட்டும்.

போய்சரில் ஒரே மனையில் ஆக்சிஜன் பிளாண்ட்டும் அசெட்டிலீன் யூனிட்டும் போடலாம் என்றால் கன்சல்டன்ட் முடியாது என்கிறார். நடுவில் சுவர் எழுப்பினால் ஆகாதா?
(வாசகர், போய்சர்)

ஆகாது. கன்சல்டன்ட் சொல்வதைக் கேளுங்கள்.

காரணம், ஆக்சிஜன் பிளாண்ட் சுற்றியுள்ள காற்றைத்தான் உறிஞ்சுகிறது. கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டு வரும் அசெட்டிலீன், கசடுக் குழியிலிருந்துகூடத் தொடர்ந்து கசிந்துகொண்டிருக்கும். அது திரவ ஆக்சிஜனில் மிகக் குறைவாகவே கரையும், மில்லியனில் சில பங்கு. அதற்கு மேல் வந்தால் ரீபாய்லரில் (கோபுரத்தில் திரவ ஆக்சிஜனைக் கொதிக்க வைக்கும் கருவி) திடத் துகளாகப் பிரியும். திரவ ஆக்சிஜனுக்குள் திட அசெட்டிலீன் இருந்தால் தீப்பொறிகூட வேண்டியதில்லை. மாலிகுலர் சீவ் அசெட்டிலீனை நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எத்திலீனைப் பாதிதான் பிடிக்கும், மீத்தேன், ஈத்தேன், புரொப்பேனை விட்டுவிடும். ரீபாய்லரில் ஆக்சிஜன் கொதித்து மேலே போகப் போக இவை அடியில் சேரும். அதனால்தான் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ரீபாய்லர் திரவத்தில் மூழ்கியே இருக்க வேண்டும் என்று மேனுவலில் எழுதியிருக்கிறது. உற்பத்தி போகிறதே என்று திரவத்தை வெளியே எடுக்கும் அந்த பர்ஜ் வால்வை மூடுபவர்கள் உண்டு. மூடக் கூடாது.

1997ஆம் ஆண்டு மே மாதம் சீனாவின் ஃபூஷுனிலும், அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மலேசியாவின் பிந்துலுவிலும் காற்றுப் பிரிப்பு ஆலைகள் வெடித்தன. பிந்துலுவில் அந்த ஆண்டு காட்டுத்தீப் புகை வானை மூடியிருந்தது. காற்றோடு உள்ளே போன எரியக்கூடிய நுண்துகள்கள் ரீபாய்லரில் சேர்ந்து தீப்பிடித்து, கடைசியில் அலுமினியமே எரிந்தது. பெரிய ஆலைக்கே இந்தக் கதி என்றால் அடுத்த ஷெட்டில் கார்பைடு டிரம் வைத்திருக்கும் சின்ன ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பகுதியில் மழைக்காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் வடமேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும். ஒரு பருவத்துக்குப் பாதுகாப்பான மூலை இன்னொரு பருவத்துக்கு ஆகாது. தனி மனைதான் தீர்வு. அசெட்டிலீன் பக்கத்தில் இன்னொன்று: செம்பு மிகுந்த பித்தளை ஃபிட்டிங், செம்புக் குழாய் எதுவும் கூடாது. செம்பு அசெட்டிலைடு உருவானால் தட்டினாலே வெடிக்கும்.

தாராவியில் இருக்கிறோம், ஆஸ்பத்திரிகளுக்கும் ஒர்க்ஷாப்புகளுக்கும் ஆக்சிஜன் லைன் போடுகிறோம். ஆக்சிஜன் லைனுக்குச் சுத்தம் முக்கியம் என்கிறார்கள். எந்த அளவுக்குச் சுத்தம்? பால் (ball, உள்ளே பந்து உள்ள) வால்வு போடலாமா?
(ஃபிட்டர், தாராவி)

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமும் இருக்கக் கூடாது, அந்த அளவுக்கு. தலையில் தடவிய தேங்காய் எண்ணெய் கையில் ஒட்டி, கையிலிருந்து ஃபிட்டிங்கில் ஒட்டினாலும் அது எரிபொருள்தான். ஆகவே புது நைட்ரைல் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்த பாகத்தைத் தொட வேண்டும்.

செய்முறை இது. குழாயை வெட்டியதும் பிசிறை முழுக்க எடுத்துவிடுங்கள். பிசிறு உடைந்து ஆக்சிஜன் வேகத்தில் பறந்து வளைவில் மோதினால் அதுவே பொறியாகும். பிறகு எண்ணெய் நீக்கும் காரச் சோப்புக் கரைசலைச் சூடாக்கி அதில் ஊற வையுங்கள். உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, சுத்தமான வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அந்தக் காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு ஊற்றிக் கழுவுவார்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் இந்தியாவில் அந்தப் பயன்பாடு 2010இல் நிறுத்தப்பட்டது, ஈரலையும் கெடுக்கும். பழைய ஸ்டாக் எங்காவது இருந்தாலும் தொடாதீர்கள். அலசியபின் நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து ஊதிக் காய வையுங்கள். ஒர்க்ஷாப் கம்ப்ரசர் காற்றை விட்டால் அதிலுள்ள எண்ணெய் மறுபடி ஒட்டும், செய்த வேலை அத்தனையும் வீண்.

சோதனைக்கு நூல் உதிராத வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள், கறை வரக் கூடாது. பிறகு இருட்டில் அல்ட்ரா வயலெட் டார்ச் அடியுங்கள். கனிம எண்ணெய்கள் பல நீலமாக ஒளிரும். எல்லா எண்ணெயும் ஒளிராது என்பதால் துணிச் சோதனையை விட்டுவிடக் கூடாது. தேறிய குழாயின் இரண்டு முனையையும் பிளாஸ்டிக் கேப் போட்டு மூடி, தேதி எழுதி வையுங்கள். சைட்டில் கேப் இல்லாமல் கிடந்த குழாயை மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டியதுதான்.

பிரேசிங் செய்யும்போது உள்ளே நைட்ரஜன் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். இல்லாவிட்டால் உட்புறம் கறுப்புச் செதில் படியும், பிறகு உதிர்ந்து வால்வு சீட்டில் போய் உட்காரும். செம்போடு செம்பு சேர்க்கப் பாஸ்பரஸ் கலந்த ராடு போதும், ஃபிளக்ஸ் வேண்டாம்.

பால் வால்வு விஷயத்தில் பிரஷர்தான் கணக்கு. சிலிண்டர் பக்கம், 150 பார் அழுத்தம் இருக்கும் இடத்தில், கூடவே கூடாது. கால் சுற்றுத் திருப்பியதும் முழுக்கத் திறந்துவிடும் வால்வு அது. மூடிய குழாயில் நிற்கும் வாயு கண்ணிமைக்கும் நேரத்தில் 1 பாரிலிருந்து 150க்கு அமுக்கப்பட்டால் அதன் வெப்பம் கணக்குப்படி 950 டிகிரியைத் தொடும். ரப்பரும் பிளாஸ்டிக் சீட்டும் பற்றிக்கொள்ள அதில் பாதிகூட வேண்டாம். அங்கே பல சுற்றுச் சுற்றித் திறக்கும் வால்வுதான் போட வேண்டும், மெதுவாகத்தான் திறக்க வேண்டும். ரெகுலேட்டருக்குப் பின்னால் நாலைந்து பார் லைனில் ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்து பையில் சீல் வைத்து வரும் பால் வால்வு போடலாம். கடையில் திறந்து கிடக்கும் வால்வைப் போடாதீர்கள், அதன் பந்தில் கிரீஸ் இருக்கும்.

லீக் டெஸ்ட்டில் பலர் தடுமாறுகிறார்கள். மாலையில் நைட்ரஜன் ஏற்றி 10 பார் வைத்தோம், காலையில் 9.7 இருக்கிறது, எங்கே லீக் என்று ஜாயின்ட் ஜாயின்ட்டாகச் சோப்பு நுரை போடுவார்கள். ஏற்றியபோது 32 டிகிரி, காலையில் 24 என்றால் வெப்பநிலை இறங்கியதாலேயே 0.29 பார் குறையும். லீக் இல்லை. ஆகவே பிரஷரோடு வெப்பநிலையையும் எழுதி, அதே வெப்பநிலை திரும்பும் நேரத்தில் ஒப்பிடுங்கள். ஆஸ்பத்திரி லைன் என்றால் ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு அவுட்லெட்டிலும் அனலைசர் வைத்து அது ஆக்சிஜன்தானா என்று பாருங்கள். எத்தனை படுக்கை இருந்தாலும் ஒன்றையும் விடாதீர்கள். லைன் மாறி நைட்ரஸ் ஆக்சைடோ நைட்ரஜனோ வந்தால் அங்கே படுத்திருப்பவருக்குச் சொல்ல வாய் இருக்காது.

மகள் மாட்டுங்காவில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடிக்கிறாள். ஆலை கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் புராசஸ் இன்ஜினியர் வேலை வந்திருக்கிறது. ஆபீஸ் வேலையா, சைட் வேலையா? என்னதான் செய்வார்கள்?
(வாசகி, செம்பூர்)

இரண்டும் இருக்கும். எந்தப் பொருள் எவ்வளவு, எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் எங்கே போகிறது என்ற சமன்பாட்டுக் கணக்கில் அவர் வேலை தொடங்கும். அதிலிருந்து பிஎஃப்டி (செயல்முறை ஓட்ட வரைபடம்), அதிலிருந்து ஒவ்வொரு வால்வும் கருவியும் குறித்த பி அண்ட் ஐடி. பைப்பிங், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில் ஆட்கள் எல்லோரும் அந்தத் தாளை வைத்துத்தான் வேலை செய்வார்கள். அதில் ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) திரும்பிப்போனால் சைட்டில் நிஜ வால்வும் திரும்பித்தான் நிற்கும். பிறகு ஹேசாப் (அபாயங்களை அலசும்) கூட்டம். ஒவ்வொரு குழாயாக எடுத்து, ஓட்டம் நின்றால் என்ன, கூடினால் என்ன, பின்னோக்கிப் போனால் என்ன என்று நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்பார்கள். அலுப்பாக இருக்கும். ஆனால் இந்தத் துறையில் மனித உயிரைக் காப்பாற்றும் வேலை அதுதான்.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1 அன்று 28 பேர் இறந்தார்கள். பழுதான ஒரு ரியாக்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 20 அங்குலத் தற்காலிகக் குழாயை முறையான கணக்கு இல்லாமல் மாட்டியிருந்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டால் கணக்கைக் காட்டு என்று கேட்கத் தெரிந்தவராக உங்கள் மகள் வர வேண்டும். டோம்பிவிலி எம்ஐடிசியில் 2016 மே, 2024 மே இரண்டிலும் வெடிப்பைப் பார்த்த நமக்கு இது தூரத்து விஷயமல்ல.

முதல் இரண்டு வருடத்தில் சைட்டுக்கு அனுப்பினால் மறுக்க வேண்டாம். பி அண்ட் ஐடியைக் கையில் வைத்துக்கொண்டு லைன் லைனாக நடந்து, குறைகளைப் பஞ்ச் லிஸ்ட்டில் எழுதிப் பழகியவர் வரைபடத்தில் வால்வு போடும்போது, கை எட்டுமா, ஏணி வேண்டுமா என்றும் யோசிப்பார். ஆஸ்பென் ஹைசிஸ் போன்ற மென்பொருள்கள் பழகப் பழக வரும். ரிலீஃப் வால்வு கணக்கைக் கையால் போடத் தெரிவது அதைவிட முக்கியம்.

எங்கள் கோல்ட் பாக்ஸின் (குளிர்ப் பகுதிகளைச் சுற்றிய பெட்டி) வெளித்தகட்டில் ஒரு இடத்தில் மட்டும் பனி பூக்கிறது. அப்படியே ஓட்டலாமா?
(சூப்பர்வைசர், ரபாலே)

இடத்தைச் சாக்கால் வட்டமிட்டுத் தேதி போடுங்கள். பனி அதே அளவில் நின்றால் அங்கே பெர்லைட் இறங்கியிருக்கும், அடுத்த ஷட்டவுனில் நிரப்பலாம். வட்டத்தைத் தாண்டி வளர்ந்தாலோ, பாக்ஸுக்குள் விடும் பர்ஜ் நைட்ரஜனின் பிரஷர் ஏறினாலோ, அதன் வெளியேற்றத்தில் ஆக்சிஜன் கூடினாலோ உள்ளே குழாய் கசிகிறது. பிளாண்ட்டை நிறுத்தி முழுக்கச் சூடாக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். திரவம் ஊறிய பெர்லைட் இருக்கும்போது மேன்ஹோலைத் திறந்தால் திரவம் சட்டென ஆவியாகி, பெர்லைட் வெள்ளமாக வெளியே பாய்ந்து ஆளைப் புதைத்துவிடும். உள்ளே இருப்பது நைட்ரஜன் என்பதையும் மறக்க வேண்டாம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் தலையை மட்டும் நுழைத்துப் பார்ப்பதும் கூடாது. நைட்ரஜன் நிறைந்த இடத்தில் இரண்டு மூச்சில் மயக்கம் வரும். தூக்கப் போகிறவரும் விழுவார்.

வீட்டுத் தொழிலாக ஆரம்பித்த நேந்திரம் சிப்ஸ், முறுக்கு வியாபாரம் வளர்ந்துவிட்டது. சிலிண்டருக்குப் பதில் சின்ன நைட்ரஜன் பிளாண்ட் வைக்கலாமா?
(வாசகி, மாட்டுங்கா)

தாராளமாக வைக்கலாம். இங்கே பிஎஸ்ஏதான் சரி. இதில் இருப்பது கார்பன் மாலிகுலர் சீவ். அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நைட்ரஜனை விடும். 99.5 சதவீதம் போதும். 99.99 என்று விற்க வருவார்கள், அதற்கு நாலைந்து பங்கு காற்று வேண்டும், 99.5க்கு மூன்று பங்கு போதும். கம்ப்ரசரும் கரண்ட் பில்லும் அதற்கேற்பக் கூடும். பாக்கெட்டுக்குள் மிஞ்சும் ஆக்சிஜன் பெரும்பாலும் சீல் செய்யும்போது புகுந்த காற்றால் வருவது, நைட்ரஜனின் தூய்மையால் அல்ல.

அளவு இப்படிப் போடுங்கள். பாக்கெட்டில் காலியிடம் ஒரு லிட்டர் என்றால் அலச மூன்று லிட்டர் தேவை. நிமிடத்துக்கு 20 பாக்கெட் என்றால் 60 லிட்டர், மணிக்கு 3.6 கன மீட்டர். கொஞ்சம் கூட்டி 5 கன மீட்டர் பிளாண்ட் வாங்குங்கள். அதற்குக் காற்று 15 கன மீட்டர், அதாவது 9 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). 5 எச்பி கம்ப்ரசர் தாராளமாகத் தரும்.

கெடுப்பது எண்ணெய்தான். கம்ப்ரசரிலிருந்து எண்ணெய் ஆவி போய்ச் சேர்ந்தால் கார்பன் சீவ் திரும்ப உயிர் பெறாது. எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் வாங்குங்கள், அல்லது டிரையருக்குப் பின் கார்பன் ஃபில்டர் போட்டு அதைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். பிளாண்ட் வெளிவிடும் வேஸ்ட் வாயுவில் ஆக்சிஜன் அதிகம். அதையும், சேஃப்டி வால்விலிருந்து வரும் நைட்ரஜனையும் தனித்தனிக் குழாயில் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள். பாக்கெட் போடும் அறை சிறியது, ஏசி போட்டு மூடியது என்றால் சுவரில் ஒரு ஆக்சிஜன் மீட்டர் மாட்டி, 19.5இல் அலாரம் அடிக்கும்படி வையுங்கள்.